பழைய டெஸ்க்டாப்பில் புராசஸர், ராம், பயாஸ் மாற்றியபின் வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்ய

டெல்டாவில் நெல் மண்டி, உரக்கடை, போட்டோ ஸ்டுடியோ, ஜெராக்ஸ் கடை, இ-சேவை மையம் என்று எங்கே நுழைந்தாலும் மேசைக்கடியில் ஓடிக்கொண்டிருப்பது பெரும்பாலும் ஒரு எச்61 மதர்போர்டு, இல்லாவிட்டால் எச்81, அதுவும் இல்லாவிட்டால் ஜி41 (இவை போர்டில் உள்ள முக்கிய சிப்பான சிப்செட்டின் பெயர்கள்). புதுசு வாங்க மனசு வராது. செகண்ட் ஹேண்டில் ஒரு ஐ5, ஒரு 4 ஜிபி ராம் கிடைத்தால் போட்டு ஓட்டிவிடலாம் என்று தோன்றும், அது நியாயமான கணக்குதான். ஆனால் போட்ட பிறகு ஓடவில்லை என்றால் முதலில் காதில் விழுவது "போர்டு போயிடுச்சு, மாத்திடுங்க" என்ற பேச்சு. அப்படித் தீர்ப்பு எழுதப்பட்டு என் மேசைக்கு வந்த போர்டுகளில் பல நன்றாகவே இருந்தன.

உங்கள் சிபியு எப்படி முரண்டு பிடிக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாத காரணம் முதலில், கையைக் கடிக்கும் காரணம் கடைசியில்.

இன்னும் எதையும் கழற்றவில்லை என்றால் ஒன்று மட்டும் கேளுங்கள். மூன்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். பழைய புராசஸர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பயாஸ் (மெஷினை எழுப்ப போர்டின் சிப்பிலேயே இருக்கும் சாஃப்ட்வேர்) அப்டேட்டை முடியுங்கள். அப்புறம் ராம். அது இரண்டு நாள் ஒழுங்காக ஓடினால் புராசஸர். மூன்றையும் சேர்த்து மாட்டிவிட்டு டிஸ்ப்ளே வரவில்லை என்றால் எதைச் சந்தேகப்படுவது? பழைய ராம், பழைய புராசஸர் இரண்டையும் உடனே விற்றுவிடவும் வேண்டாம். சோதித்துப் பார்க்க அவற்றை விட்டால் வேறு கருவி கிடையாது.

கையில் வேண்டியவை: ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், பென்சில் அழிக்கும் ரப்பர், சின்ன பெயின்ட் பிரஷ், ஹீட்சிங்க் பேஸ்ட், போர்டில் போட ஒரு புது சிஆர்2032 பட்டன் செல், முடிந்தால் மல்டிமீட்டர். கேபினெட்டைத் திறக்குமுன் பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, ஆன் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் கரண்ட் இறங்கிவிடும்.

## ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே இல்லை: புராசஸர் மாற்றிய பிறகு

முதல் வேலை, பழைய புராசஸரைத் திரும்பப் போட்டுப் பார்ப்பது. இங்கேதான் வழி இரண்டாகப் பிரிகிறது.

### பழையது போட்டால் ஓடுகிறது

போர்டு உயிரோடு இருக்கிறது, நிம்மதி. இனி காரணம் நான்கில் ஒன்று.

பயாஸ் பழசு. அதிகம் பார்ப்பது இதைத்தான். எச்61 போர்டுகள் நிறைய இரண்டாம் தலைமுறை புராசஸருக்கான பயாஸோடு வந்தவை. அதில் ஐ5-3470, ஐ7-3770 போன்ற மூன்றாம் தலைமுறையைப் போட்டால் சாக்கெட்டில் அழகாக உட்காரும், ஃபேன் சுற்றும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். ஆரம்ப காலத்து எச்81, பி85 போர்டுகளில் ஐ5-4460, ஐ5-4590 போட்டாலும், எச்110 போர்டில் ஏழாம் தலைமுறை போட்டாலும் இதே கதை. பழைய புராசஸரோடு விண்டோஸைத் திறந்து, ரன் பெட்டியில் எம்எஸ்இன்ஃபோ32 (msinfo32) கொடுங்கள். பயாஸ் வெர்ஷனும் தேதியும் அங்கே இருக்கும். போர்டு கம்பெனியின் இணையதளத்தில் உங்கள் மாடலுக்கான புராசஸர் பட்டியலில், எந்தப் புராசஸர் எந்த பயாஸ் வெர்ஷனிலிருந்து ஓடும் என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். உங்களுடையது அதைவிடப் பழசு என்றால் கீழே பயாஸ் பகுதிக்குப் போங்கள்.

ஜாதகமே பொருந்தவில்லை. எல்ஜிஏ1151 சாக்கெட் இதில் பெரிய ஏமாற்று. ஆறு, ஏழாம் தலைமுறைக்கும் எட்டு, ஒன்பதாம் தலைமுறைக்கும் பின் எண்ணிக்கை ஒன்றுதான். ஆனாலும் எச்110 போர்டில் ஐ5-8400 ஓடாது. இன்னொரு கண்ணி, கம்பெனி மெஷின்கள். ஆபீஸ்களில் கழித்துக் கட்டியவை கும்பகோணம், தஞ்சாவூர் கடைகள் வரை வந்து குவிகின்றன. டெல் ஆப்டிபிளக்ஸ் 790-இல் இருப்பது க்யூ65 சிப்செட். க்யூ65, க்யூ67, பி65 மூன்றுக்கும் மூன்றாம் தலைமுறை ஆதரவு கிடையாது. பயாஸ் அப்டேட் செய்தாலும் வராது. அந்த மெஷினுக்கு ஐ7-2600தான் உச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அடுத்து வந்த 7010 மூன்றாம் தலைமுறையை ஏற்கும்.

புராசஸரில் கிராபிக்ஸே இல்லை. விலை மலிவாக இருக்கிறதே என்று இன்டெல்லின் சர்வர் புராசஸரான ஜியான் இ3-1230 வாங்கிவிட்டு, போர்டின் விஜிஏ போர்ட்டில் மானிட்டரைச் செருகினால் எதுவும் வராது. மாடல் எண்ணின் கடைசியில் 'எஃப்' போட்ட ஐ5-9400எஃப் வகைகளும் அப்படித்தான். தனி கிராபிக்ஸ் கார்டு போட்டால் ஓடும். ஆனால் கார்டுக்குக் கொடுக்கும் காசைக் கூட்டினால் மலிவு என்ற பேச்சு அடிபட்டுப்போகும்.

வாங்கிய புராசஸரே போனது. இதைக் கடைசியில்தான் நினைக்க வேண்டும். அதே சாக்கெட் உள்ள வேறு மெஷினில் போட்டுப் பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கும்போதே, ஓடவில்லை என்றால் திருப்பித் தருவதாகப் பேசி வாங்குவது நல்லது.

### பழையது போட்டாலும் ஓடவில்லை

பயப்பட வேண்டாம். கை பட்ட இடத்தில்தான் கோளாறு இருக்கும்.

புராசஸருக்குப் பக்கத்தில் 4 பின் அல்லது 8 பின் உள்ள சதுரக் கனெக்டர் ஒன்று உண்டு. 12 வோல்ட் போகும் வழி அது. ஹீட்சிங்க்கைக் கழற்றும்போது வழியில் நிற்கிறதே என்று பிடுங்கியிருப்பீர்கள், திரும்பச் செருக மறந்திருக்கும். அது இல்லாவிட்டால் ஃபேன் எல்லாம் சுற்றும், ஒன்றும் நடக்காது.

அடுத்து ராம். ஹீட்சிங்க்கின் நான்கு காலையும் அழுத்தும்போது போர்டு வளையும், பக்கத்தில் இருக்கும் ராம் லேசாக எழும்பிவிடும். கழற்றி, இரண்டு பக்கமும் 'டக்' என்று கேட்கும்படி மறுபடி அழுத்துங்கள்.

மூன்றாவது, பயாஸ் செட்டிங்கை அழிப்பது. பவர் கார்டைப் பிடுங்கி, செல்லைக் கழற்றி, கால் மணி நேரம் விட்டுத் திரும்பப் போடுங்கள்.

இதற்கும் அசையவில்லை என்றால் சாக்கெட்டைப் பார்க்க வேண்டும். புராசஸரை எடுத்துவிட்டு, செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். நல்ல சாக்கெட்டில் பின்களின் முனை எல்லாம் ஒரே சீராக, வரிசை பிசகாமல் மின்னும். ஒரே ஒரு பின் படுத்திருந்தாலும் அந்த இடத்தில் மினுக்கம் தப்பி, சின்னக் கறுப்புப் புள்ளி மாதிரி தெரியும். போன் கேமராவில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். பின்மேல் பேஸ்ட் பட்டிருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். படுத்த பின்னை ஊசியால் நிமிர்த்த நீங்கள் இறங்காதீர்கள். அது பூதக்கண்ணாடி வைத்து போர்டு வேலை செய்பவருக்கான காரியம். பக்கத்துப் பின்னையும் சேர்த்து ஒடித்துவிட்டால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஏஎம்டி ஏஎம்3 வகையில் பின்கள் புராசஸரிலேயே இருக்கும். காய்ந்த பேஸ்ட் ஒட்டிப்போய், ஹீட்சிங்க்கைத் தூக்கினால் புராசஸரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடான பிறகு அணைத்து, ஹீட்சிங்க்கை இடம் வலமாக மெல்லத் திருகிவிட்டு எடுங்கள்.

## ராம் போட்டதும் பீப் அடிக்கிறது, அல்லது டிஸ்ப்ளே போய்விட்டது

புது ராமைக் கழற்றி, பழையதை மட்டும் வைத்து ஆன் செய்யுங்கள். வந்துவிட்டால், புதியதைத் தனியாக ஒவ்வொரு ஸ்லாட்டிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

ஸ்லாட்டிலும் ராமின் பித்தளை நிறக் காலிலும் அழுக்கு என்பது நம் ஊரில் முதல் காரணம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்று. உள்ளே வந்தால் ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஈரம். தை, மாசியில் அறுவடைத் தூசி. அரிசி மில் ஆபீஸ் என்றால் வருஷம் முழுக்கத் தவிட்டுப் பொடி. ரப்பரால் கால்களை இரண்டு பக்கமும் மெதுவாகத் தேய்த்து, துகளை உதறிவிட்டுப் போடுங்கள். ஸ்லாட்டை உலர்ந்த பிரஷ்ஷால் துடையுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உள்ளே போகும். சும்மா கிடந்த ராம்கூட இதிலேயே எழுந்து உட்கார்ந்துவிடும்.

சுத்தம் செய்தும் வரவில்லை என்றால் ராமின் வகையைப் பாருங்கள். டிடிஆர்2, டிடிஆர்3, டிடிஆர்4 மூன்றுக்கும் நடு வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். உட்காரவில்லை என்றால் அமுக்காதீர்கள். வெட்டு பொருந்தியும் ஓடாத ராம்கள் உண்டு. இணையத்தில் ஆச்சரியமான விலைக்கு வரும் டிடிஆர்3 4 ஜிபி ராம்களில் சில ஏஎம்டி போர்டில் மட்டும் ஓடுபவை. விளம்பரத்தில் ஒரு மூலையில் எழுதியிருப்பார்கள். இன்டெல் போர்டில் அது வெறும் அட்டைதான்.

ஜி41 போர்டுக்காரர்கள் கூடுதலாக ஒன்று பார்க்க வேண்டும். அந்த சிப்செட்டுக்கு அடர்த்தி அதிகமான சிப் புரியாது. 4 ஜிபி ராமில் இரண்டு பக்கமும் சேர்த்து 16 சிப் இருந்தால் ஏற்கும், ஒரே பக்கம் 8 சிப் உள்ளதை ஏற்காது. கடையில் வாங்கும்போது எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

## ராம் போட்டது முழுதாகக் காட்டவில்லை

4 ஜிபி போட்டு 3.2 காட்டுகிறது, அல்லது 8 போட்டும் அதே 3.2 என்றால், விண்டோஸ் 32 பிட். 64 பிட் போடாமல் தீராது. டாலி, பழைய தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர், பழைய பிரிண்டர் டிரைவர் எல்லாம் 64 பிட்டில் ஓடுமா என்று கேட்டுக்கொண்டு அப்புறம் மாற்றுங்கள். டிடிபி கடைக்காரர்கள் பலர் 32 பிட்டை விடாமல் இருப்பதற்குக் காரணமே இந்த டிரைவர்கள்தான்.

64 பிட்டாக இருந்தும் குறைகிறதா? எம்எஸ்கான்ஃபிக் (msconfig) திறந்து, பூட் பகுதியின் அட்வான்ஸ்டு பெட்டியில் 'மேக்சிமம் மெமரி' டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள். விண்டோஸ் 7 ஹோம் பேசிக் 8 ஜிபிக்கு மேல் எடுக்காது. போர்டுக்கும் வரம்பு உண்டு: ஜி31-க்கு 4 ஜிபி, எச்61-க்கு 16 ஜிபி.

பயாஸிலேயே ஒரு ஸ்லாட் காணவில்லை என்றால், அதுவும் புராசஸர் மாற்றிய பிறகுதான் இப்படி என்றால், ஸ்லாட்டைக் குறை சொல்ல அவசரப்படாதீர்கள். எல்ஜிஏ1155-லும் அதற்குப் பின் வந்தவற்றிலும் ராமைக் கவனிப்பது புராசஸரே. அது கோணலாக உட்கார்ந்திருந்தாலோ, ஹீட்சிங்க் ஒரு பக்கமாக அழுத்தினாலோ, சாக்கெட் பின் ஒன்று தொடாவிட்டாலோ ஒரு ஸ்லாட் அப்படியே மறைந்துவிடும். புராசஸரை எடுத்து மறுபடி உட்கார வைத்து, ஹீட்சிங்க்கைச் சீராக மாட்டினால் திரும்பி வருவதைப் பார்க்கலாம்.

## ஆன் ஆகி, கொஞ்ச நேரத்தில் தானாக அணைகிறது

எவ்வளவு நேரத்தில் அணைகிறது என்று கவனியுங்கள்.

சில நொடியிலிருந்து ஓரிரு நிமிடத்துக்குள் என்றால் ஹீட்சிங்க் சரியாக உட்காரவில்லை. இன்டெல்லோடு வரும் ஹீட்சிங்க்கின் நான்கு கால்களையும் மூலைக்கு மூலை எதிரெதிராக அழுத்த வேண்டும். தலையில் உள்ள அம்புக்குறி கழற்றும் திசை, பூட்டும்போது அது எதிர்ப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். போர்டின் பின்பக்கம் பார்த்தால் நான்கு வெள்ளைக் காலும் கறுப்பு முனை உள்ளே நுழைந்து விரிந்திருக்கும். மூன்று விரிந்து ஒன்று விரியாமல் இருப்பதுதான் வழக்கம். போர்டைக் கேபினெட்டுக்கு வெளியே எடுத்து மாட்டினால் இந்தத் தொல்லையே இல்லை. எல்ஜிஏ775 ஹீட்சிங்க் 1155-க்குப் பொருந்தாது, ஓட்டை தூரம் வேறு. 1155, 1150, 1151 மூன்றுக்கும் ஒன்றே போதும்.

பேஸ்ட் ஒரு துவரம்பருப்பு அளவு நடுவில் வைத்தால் போதும். பழையதைத் துடைக்காமல் அதன்மேல் புதியதைப் பூசக்கூடாது.

பத்து, இருபது நிமிடம் ஓடி, வேலை கொடுக்கும்போது அணைகிறது என்றால் சூடா, பவரா என்று பிரிக்க வேண்டும். பயாஸின் ஹார்டுவேர் மானிட்டர் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுக் கால் மணி நேரம் பாருங்கள். சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில் 50 டிகிரி சாதாரணம். அது 80, 90 என்று ஏறிக்கொண்டே போனால் ஹீட்சிங்க்கைக் கழற்றி முதலிலிருந்து மாட்டுங்கள், ஃபேனுக்கு அடியில் மெத்தை மாதிரி அடைந்திருக்கும் தூசியையும் எடுங்கள்.

சூடு இல்லை, ஆனாலும் அணைகிறது என்றால் எஸ்எம்பிஎஸ், அதாவது கேபினெட்டுக்குள் இருக்கும் பவர் சப்ளை டப்பா. 65 வாட் ஐ3-2100 இருந்த இடத்தில் 95 வாட் ஐ7-2600 போட்டால், மேலே 450 வாட் என்று ஒட்டிய மலிவு எஸ்எம்பிஎஸ் திணறும். மல்டிமீட்டரில் மஞ்சள் ஒயருக்கும் கறுப்பு ஒயருக்கும் நடுவே, மெஷின் வேலை செய்யும்போது 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் எஸ்எம்பிஎஸ் மாற்றுங்கள். கிராமத்தில் பம்பு செட் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் மட்டும் அணைகிறது என்றால் எஸ்எம்பிஎஸ் நல்லதாகவும் இருக்கலாம். சுவர் பிளக்கில் வோல்டேஜ் பார்த்துவிட்டு ஸ்டெபிலைசரோ யுபிஎஸ்ஸோ வாங்குவதுதான் சரி.

எஸ்எம்பிஎஸ் டப்பாவை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கரண்ட் நிற்கும். பல்லி செத்துக் கிடக்கும் நாற்றம் வந்தாலும் கடைக்குக் கொடுங்கள், அல்லது புதுசு வாங்குங்கள். போர்டில் புராசஸரைச் சுற்றி நிற்கும் கெபாசிட்டர்களின் தலை உப்பியிருந்தால் அதுவும் சாலிடரிங் தெரிந்தவர் வேலை.

## பயாஸ் அப்டேட் பாதியில் நின்றது, அல்லது முடிந்தபின் எழவே இல்லை

இந்த ஒரு வேலையில்தான் உண்மையாகவே போர்டு போகும். அதனால் செய்யுமுன் பார்க்க வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளா என்று நாளிதழில் பாருங்கள். மழைக்காலச் சாயங்காலத்தில் தொடாதீர்கள். பேட்டரி நன்றாக இருக்கும் யுபிஎஸ் வேண்டும், பிளக்கைப் பிடுங்கி அரை மணி நேரம் தாங்குகிறதா என்று முந்தின நாளே சோதியுங்கள். போர்டின் மாடல் பெயரோடு, மூலையில் அச்சிட்டிருக்கும் ரிவிஷன் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ரிவிஷன் 1.0-க்கும் 2.0-க்கும் பயாஸ் ஃபைல் வேறாக இருக்கும். ஃபைலை ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்த பென் டிரைவில் போட்டு, பயாஸுக்குள்ளிருந்தே ஏற்றுங்கள். ஆசஸில் ஈசி ஃபிளாஷ், கிகாபைட்டில் க்யூ-ஃபிளாஷ், எம்எஸ்ஐ-யில் எம்-ஃபிளாஷ், ஆஸ்ராக்கில் இன்ஸ்டன்ட் ஃபிளாஷ். விண்டோஸுக்குள்ளிருந்து ஏற்றும் சாஃப்ட்வேரை நான் தொடுவதில்லை. நடுவில் விண்டோஸ் ஹேங் ஆனால் என்ன செய்வது? கம்பெனி இணையதளத்தில் இந்த வெர்ஷனுக்கு முன் அந்த வெர்ஷன் போடு என்று சொல்லியிருந்தால் அந்த வரிசையை மீறாதீர்கள்.

அப்டேட் ஓடும்போது 'ஹேங் ஆன மாதிரி' தெரிந்தாலும் கை வைக்காதீர்கள். அரை மணி நேரமாவது பொறுங்கள்.

முடிந்தபின் திரை வரவில்லை என்றால்: பவர் கார்டைப் பிடுங்கி, செல்லைக் கழற்றி செட்டிங்கை அழியுங்கள். அதற்கப்புறம் முதல் தடவை ஆன் செய்யும்போது இரண்டு மூன்று முறை தானே அணைந்து எழும், அது சகஜம். கிகாபைட்டில் டூயல் பயாஸ் உள்ள மாடல் என்றால் இரண்டாவது சிப்பிலிருந்து தானே மீண்டுவர வாய்ப்புண்டு.

அதற்கும் எழவில்லை என்றால் கடைக்குப் போகும் நேரம். ஆனால் எந்தக் கடை என்று பார்த்துப் போங்கள். "பயாஸ் புரோகிராம் பண்ணுவீங்களா?" என்று முதலில் போனில் கேளுங்கள். லேப்டாப் போர்டு வேலை செய்பவர்களிடம் சிப் புரோகிராமர் இருக்கும். எட்டுக் கால் சிப்பில் கிளிப்பை மாட்டி சரியான ஃபைலை எழுதிவிட்டால் போர்டு எழுந்துவிடும். ஆசஸின் சில எச்61 போர்டுகளில் அந்த சிப் சாக்கெட்டில் செருகியே இருக்கும், கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். மாடல், ரிவிஷன், நீங்கள் ஏற்றிய ஃபைல் மூன்றையும் பென் டிரைவோடு கொண்டுபோனால் அவருக்கு வேலை பாதி. தஞ்சையிலோ திருச்சியிலோ ஆள் கிடைக்காவிட்டால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்கு அனுப்பலாம். ஆனால் அனுப்பும் செலவும் கூலியும் சேர்ந்து செகண்ட் ஹேண்ட் போர்டின் விலையைத் தொட்டால் விட்டுவிடுங்கள்.

## விண்டோஸ் லோகோ வந்து நீலத்திரை

பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகோ, செல் கழற்றிய பிறகோ என்றால், திரையில் 0x0000007B அல்லது 'இன்ஆக்சசபிள் பூட் டிவைஸ்' என்று இருக்கும். ஹார்டு டிஸ்க் போகவில்லை. பயாஸ் தன் பழைய கணக்குக்குத் திரும்பி, ஹார்டு டிஸ்க்கோடு பேசும் முறையான சாட்டா மோடை மாற்றிவிட்டது. பயாஸுக்குள் போய், ஐடிஇ இருந்தால் ஏஎச்சிஐ, ஏஎச்சிஐ இருந்தால் ஐடிஇ என்று மாற்றி ஆன் செய்து பாருங்கள். பூட் டிவைஸே இல்லை என்று சொன்னால், விண்டோஸை எழுப்பும் முறையான யூஇஎஃப்ஐ, லெகசி அமைப்பை இதேபோல மாற்றுங்கள். இதற்காக ஃபார்மேட் அடித்து, ஸ்டுடியோவின் கல்யாண ஆல்பம் எல்லாம் போனவர்களைத் தெரியும்.

ராம் போட்ட பிறகு ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெயரில் நீலத்திரை வந்தால் ராம்தான். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 சாஃப்ட்வேரை இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் அந்த ராமைத் திருப்பிக் கொடுங்கள். இரண்டும் தனித்தனியாகத் தேறி, சேர்ந்தால் மட்டும் தவறினால், பயாஸில் ராம் வேகத்தை ஒரு படி குறைத்து, 1600-ஐ 1333 ஆக்கிப் பாருங்கள்.

## தேதி பின்னால் போகிறது, இணையதளம் திறக்கவில்லை

செல் தீர்ந்துவிட்டது. 3 வோல்ட் இருக்க வேண்டியது 2.7-க்குக் கீழே போயிருக்கும். சில பத்து ரூபாய் வேலை. தேதி தப்பாக இருந்தால் பிரவுசர் எல்லாத் தளத்தையும் பாதுகாப்பில்லை என்று சொல்லும், ஜிஎஸ்டி தளத்தில் டிஜிட்டல் கையெழுத்தும் மறுக்கும். செல் மாற்றியதும் மேலே சொன்ன சாட்டா மோடை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

## எல்லாம் ஓடுகிறது, வேகம் மட்டும் கூடவில்லை

டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால், பழைய ஹார்டு டிஸ்க்தான் இழுக்கிறது. புராசஸருக்குக் கொடுத்த காசில் முதலில் எஸ்எஸ்டி வாங்கியிருக்கலாம். இப்போதாவது வாங்குங்கள். இரண்டு ராமும் இரண்டு ஸ்லாட்டிலும் இருக்கின்றனவா, புராசஸர் சூட்டில் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறதா என்பதை சிபியு-இசட் (CPU-Z) சாஃப்ட்வேரைப் போட்டுப் பாருங்கள்.

விண்டோஸ் 11-க்காகத்தான் இந்த அப்கிரேடு என்றால் இங்கேயே நிறுத்துங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் இன்டெல் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். எச்61, எச்81-இல் எந்தப் புராசஸர் போட்டாலும் அந்தக் கணக்கில் வராது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பில் போடவும் டைப் அடிக்கவும் மட்டும் உள்ள மெஷினை நெட்டிலிருந்து பிரித்து வைத்து ஓட்டலாம். வங்கி, ஜிஎஸ்டி வேலை பார்க்கும் மெஷின் என்றால் லினக்ஸ் போடுங்கள், இல்லையென்றால் எட்டாம் தலைமுறை செகண்ட் ஹேண்ட் ஒன்றைத் தேடுங்கள். எஸ்எஸ்டியைக் கழற்றி அதில் மாட்டிக்கொள்ளலாம். டிடிஆர்3 ராம் அதற்கு ஆகாது, அதைப் பழைய மெஷினோடு சேர்த்தே விற்றுவிடுங்கள்.